சர்ட்டிபிகேட் இருக்கு, மல்டிமீட்டர் புடிக்கத் தெரியல: சிசிடிவி பயிற்சி குடுக்கறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐடிஐ பிரின்சிபால் அய்யாமாருங்களுக்கும், 13 நாள் இலவசப் பயிற்சி நடத்துற வங்கிப் பயிற்சி நிலையத்துக்காரங்களுக்கும், திறன் பயிற்சிக்குப் பாடத்திட்டம் போடுற ஆபீசருங்களுக்கும் வணக்கமுங்க.

நான் திருப்பூர்ல கேமரா கடை வெச்சிருக்கேன். கடைன்னா பெருசா ஒண்ணுமில்ல, பத்துக்குப் பன்னெண்டு ஷட்டர், ஒரு டேபிள், பின்னாடி கேபிள் காயில் அடுக்கி வெக்க ஒரு ரேக்கு, நானும் ரெண்டு பசங்களும். அதுக்கு முன்னாடி கேபிள் டிவி லைன் இழுத்துட்டு இருந்தேங்க, 2009ல இந்த வேலைக்கு வந்தேன், இந்த ஊர்ல இந்தத் தொழில்ல இருக்குறவங்கள்ல பாதிப் பேரு அப்படி வந்தவங்கதான். யாரும் எங்களுக்குச் சொல்லிக் குடுக்கல, கஸ்டமர் வீட்டு செவுத்துல தப்புத் தப்பா ஓட்டை போட்டுத்தான் கத்துக்கிட்டோம். இப்பத்தான் நீங்க இருக்கீங்க, பயிற்சி இருக்கு, சர்ட்டிபிகேட் இருக்கு, சந்தோசம்தான். ஆனா போன மாசம் நடந்த ஒண்ணைச் சொல்லிடறேன், அப்புறம் விசயத்துக்கு வரேன்.

சிசிடிவி டெக்னீசியன்னு சர்ட்டிபிகேட் வாங்குன ஒரு பையன் வேலை கேட்டு வந்தான். நல்ல பையன், வாய் தொறந்து பேசறான், டிவிஆர், என்விஆர்னு கேமராப் படத்தப் பதிவு பண்ற ரெண்டு வகைப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா கடகடன்னு ஒப்பிக்கறான், படத்தச் சுருக்கிப் பதியற ஹெச்.265 னா என்னன்னு தெரியுது, சரி வாடா கண்ணுன்னு மறுநாளே ஒரு பனியன் கம்பெனி குடோனுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க பின்பக்க காம்பவுண்டுல ஒரு கேமரா, பகல் பூரா படம் கண்ணாடி மாதிரி இருக்கு, சாயங்காலம் இருட்டுனதும் வந்து வந்து போகுது. ஏற்கனவே வேற யாரோ வந்து ரெண்டு தடவ கேமராவ மாத்திட்டுப் போயிருக்காங்க, ரெண்டுக்கும் காசு வாங்கிட்டாங்க, வியாதி அப்படியே இருக்கு.

பையன் ஏணில ஏறுனான், கேமரா பக்கத்துல பின்னைக் கழட்டி மல்டிமீட்டர வெச்சான், முதல்ல ஏசி வோல்ட்டுல வெச்சிருந்தான் நான் சொன்னதும் டிசிக்கு மாத்துனான். “அண்ணா 12 வருதுங்ணா, பவர் ஓகே, கேமராதான் போச்சு” ன்னான். அதாவது மூணாவது கேமராவும் மாத்திருப்பான். நான் ஒண்ணும் சொல்லல, கீழ இறங்கி டீ குடிச்சுட்டு உக்காரலாம் வான்னு ராத்திரி ஏழு வரைக்கும் உக்கார வெச்சேன். இருட்டுச்சு, கேமராவுல சிவப்பா ஐஆர், அதாவது இருட்டுல பாக்கறதுக்குன்னு இருக்குற லைட்டு, எரிஞ்சுது, எரிஞ்ச உடனே படம் போச்சு, சிவப்பும் அணைஞ்சுது, பத்து செகண்டுல திரும்ப வந்துச்சு, திரும்ப போச்சு. இப்ப பின்னைக் கழட்டாம, கேமரா ஓடிட்டு இருக்கும்போதே ரெண்டு ஒயர்லயும் மீட்டர வெச்சுப் பாருன்னேன். 8.3 காட்டுச்சு. பையன் மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே.

விசயம் ஒண்ணுமில்லீங்க. கேமராவுக்குக் கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் பெட்டில இருந்து 12.1 வோல்ட் கிளம்புது, அங்கிருந்து கேமரா 80 மீட்டர் தள்ளி, இழுத்துருக்கறது செம்புன்னு சொல்லி வித்த அலுமினியத்து மேல செம்பு பூசுன 3+1 கேபிள், படமும் கரண்டும் ஒண்ணாப் போறது. லோடு இல்லாம அளந்தா எவ்வளவு தூரம் இருந்தாலும் 12 தான் காட்டும், ஏன்னா கரண்டே ஓடல, எங்க குறையறது. பகல்ல கேமரா கால் ஆம்பியருக்கும் கம்மியா இழுக்கும், அப்ப 10.4 வந்து சேருது, ஓடிடும். ஐஆர் எரிஞ்சா இழுக்கறது டபுளுக்கு மேலயே ஆகும், அப்ப 8.3, கேமரா படுத்துரும், படுத்ததும் ஐஆர் அணையும், அணைஞ்சா வோல்ட் ஏறும், திரும்ப எந்திரிக்கும், திரும்ப படுக்கும். கேமரா பக்கத்துலயே ஒரு சின்ன பவர் சப்ளை வெச்சோம், முடிஞ்சுது. (சில பேர் எஸ்எம்பிஎஸ்ல இருக்குற திருகைத் திருகி 13, 14 ன்னு ஏத்தி விட்டுடுவாங்க, தூரத்துக் கேமரா பொழைச்சுக்கும், பக்கத்துல இருக்குறது வெந்துரும்.)

வீட்டுக்குப் போற வழில பையன் கிட்ட கேட்டேன், சென்டர்ல இதெல்லாம் சொல்லித் தரலையாடான்னு. நாப்பது பேருக்கு ஒரு டிவிஆருங்ணா, கேமரா நாலு, எல்லாம் டேபிள் மேலயே இருக்கும், கேபிள் ஒரு மீட்டர்தான், ஆளுக்கு ஒரு கனெக்டர் அடிச்சோம், படம் வந்துச்சு, போட்டோ எடுத்தாங்க, அவ்வளவுதான்னான். எந்த சென்டர்னு நான் இங்க எழுத மாட்டேன், அது ஒரு சென்டர் கதை இல்லீங்க. ஒரு மீட்டர் கேபிள்ல எந்த வியாதியும் வராது. அதுதான் நான் சொல்ல வந்ததே. நீங்க கனெக்சன் குடுக்கச் சொல்லித் தரீங்க, கெட்டுப்போனதக் கண்டுபுடிக்கச் சொல்லித் தரல, எங்களுக்கு சோறு போடுறது ரெண்டாவதுதான்.

இந்த வேலை இப்ப எவ்வளவு பெருசாயிருச்சுன்னு உங்களுக்கே தெரியும். நகராட்சி மாநகராட்சில இருக்குற பொதுக் கட்டடங்கள்ல கேமரா வெக்கணும்னு தமிழ்நாட்டுல விதி வந்தது 2012ல. அப்புறம் சென்னைல போலீஸ்காரங்க மூன்றாவது கண்ணுன்னு ஆரம்பிச்சாங்க, அதப் பாத்து எல்லா ஊர்லயும் தெருவுக்குத் தெரு கம்பம் நட்டாச்சு. எங்க ஊர்ல அமெரிக்கா ஆர்டர் எடுக்கற கம்பெனினா பேக்கிங்ல, கன்டெய்னர் லோடு ஏத்தற இடத்துல கேமரா ஓடுதா, எத்தன நாள் ரெக்கார்டு இருக்குன்னு ஆடிட்டுக்கு வர்றவன் முதல்லயே கேப்பான். 2025 ஏப்ரல்ல இருந்து கேமராவுக்கே கட்டாய சோதனை வந்துருச்சு, பாஸ்வேர்டு பாதுகாப்பு, சாஃப்ட்வேர், உள்ள இருக்குற போர்டு வரைக்கும் பாஸானாத்தான் விக்க முடியும். சரிதான். ஆனா அந்தக் கேமராவ மாட்டுற ஆளுக்கு?

வீட்டு வயரிங் பண்றவருக்கு வயர்மேன் சர்ட்டிபிகேட் வேணும், அதுக்குன்னு மின் உரிமம் வழங்கும் வாரியமே இருக்கு. கேட்டுல நிக்கற செக்யூரிட்டிக்கு 2005ல சட்டம் வந்து, 2006ல மத்திய அரசு போட்ட மாதிரி விதிகள்ல 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சின்னு எழுதியிருக்கு, நடக்குதா இல்லையாங்கறது வேற, எழுத்துலயாவது இருக்கு. அவர் தலைக்கு மேல இருக்குற கேமராவ மாட்டுன எனக்கு எழுத்துலயும் ஒண்ணும் கிடையாது, டிரில்லிங் மிசின் வாங்குனாப் போதும் நாளைக்கே தொழில். எங்களுக்கும் லைசென்ஸ் போடுங்கன்னு நான் கேக்கல, அதுக்கும் ஒரு கவுன்ட்டர் தொறந்து உக்காந்துருவாங்க. பயிற்சிய உருப்படியாக் குடுங்கன்னுதான் கேக்கறேன்.

சாத்தான்குளம் ஞாபகம் இருக்குங்களா, 2020 ஜூன். அப்பனும் மகனும் செத்துப் போனாங்க. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ஹைகோர்ட்டுக்கு எழுதுன அறிக்கைல ஸ்டேசன்ல கேமரா இருந்துச்சு, 1 டிபி ஹார்டுடிஸ்க்கும் இருந்துச்சு, ஆனா அன்னன்னிக்குப் பதிவானது அன்னன்னிக்கே அழியற மாதிரி செட்டிங் இருந்துச்சுன்னு எழுதியிருந்தார். அத வேணும்னே பண்ணாங்களா இல்லையாங்கறத நான் பேச வரல. எங்க தொழில்ல இருக்குறவன் அந்தச் செய்தியப் படிக்கும்போது வயித்தக் கலக்கும், ஏன்னா அந்த மெனுவுல ஒரே ஒரு வரி அது, விரல் பட்டா மாறிடும், நாங்க மாட்டிட்டு வந்த எத்தனை இடத்துல அது எப்படி இருக்கோ. அதே வருசம் டிசம்பர் 2ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேசன்லயும் கேமரா வெக்கணும், இருட்டுலயும் தெரியணும், சத்தமும் பதிவாகணும், 18 மாசம் வெச்சுக்கறதா இருக்கணும், கிடைக்கலைன்னா குறைஞ்சது ஒரு வருசமாவதுன்னு உத்தரவு போட்டுச்சு. உத்தரவு கோர்ட்ல இருந்து வரும், எத்தனை டிபி வேணும்னு கணக்குப் போடறது கடைசில எங்க பசங்கதானுங்களே.

அந்தக் கணக்கு எத்தனை பேருக்குப் போடத் தெரியும்? எட்டு கேமரா, ஒவ்வொண்ணும் 2 எம்பிபிஎஸ்ல, அதாவது செகண்டுக்கு 20 லட்சம் பிட், 8 பிட்டு ஒரு பைட்டு, பதிவாகுதுன்னு வைங்க. ஒரு கேமரா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, எட்டுக்கு 172.8 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஆறு நாள் கூடத் தாங்காது. முப்பது நாள் வேணும்னா 5 டிபிக்கு மேல போகும், 6 டிபி போடணும். எட்டாங்கிளாஸ் பெருக்கல்தான் இது. ஆனா கொட்டேசன்ல 1 டிபி எழுதி ஒரு மாசம் வரும்னு வாயாலயே சொல்லிட்டு வந்துடறாங்க, திருட்டு நடந்து பத்தாவது நாள் முதலாளி வந்து ஓட்டிப் பாத்தா அங்க ஒண்ணும் இருக்காது. நானே ஆரம்பத்துல அப்படி சொல்லிருக்கேன், மறைக்க ஒண்ணுமில்ல.

பதிவாகியிருந்தாலும் என்ன தெரியுதுங்கறது இன்னொண்ணு. எங்க தெருவுல ஒரு மளிகைக் கடைல கல்லா ஒடைச்சாங்க, வேற ஆள் மாட்டுன கேமரா, பதினஞ்சு அடி ஒசரத்துல இருக்கு, பாத்தா திருடன் உச்சந்தலை அழகாத் தெரியுது, சுழி கூடத் தெரியுது, மூஞ்சி தெரியல. போலீஸ்காரர் சிரிச்சுட்டாரு. ஒரு ஆளை இன்னார்னு அடையாளம் சொல்லணும்னா மீட்டருக்கு 250 பிக்சல் வேணும்னு உலகத் தரத்துலயே ஒரு அளவு இருக்கு. 2 மெகாபிக்சல் கேமராவுல அகலத்துக்கு 1920 பிக்சல், அப்படின்னா ஏழரை மீட்டர் அகலத்துக்கு மேல விரிஞ்சா மூஞ்சி கிடையாது, ஆள் நடமாட்டம்தான் தெரியும். பையன் என்ன பண்றான், அகலமாப் பாக்கற 2.8 லென்சு போட்டு முழு வாசலும் ரோடும் எதிர்வீட்டு மாமரமும் தெரியற மாதிரி வெச்சுட்டு வரான், கஸ்டமரும் அட எல்லாம் தெரியுதேன்னு சந்தோசப்படறாரு. வாசப்படில தலை மட்டத்துக்குக் கொஞ்சம் மேல ஒண்ணு, தூரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு வெக்கணும்னு எடுத்துச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரணும்னா அந்த அளவு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல.

அடுத்தது சொல்றதுக்கே எனக்குக் கொஞ்சம் கை நடுங்குது, கதவுப் பூட்டு. இப்ப விரல் வெச்சாத் தொறக்கற கதவு எல்லாக் கம்பெனிலயும் வந்துருச்சு, மேல காந்தப் பூட்டு, 600 பவுண்டுன்னு போட்டிருப்பான், 270 கிலோ இழுத்தாலும் வராது. கரண்ட் போனாத் தொறந்துக்கணும், அதுதான் அந்தப் பூட்டோட குணம். ஆனா நாம என்ன பண்றோம், கரண்ட் போனா கதவு தொறந்துக்குதுன்னு முதலாளி கத்துவாருன்னு 7 ஆம்பியர் பேட்டரி ஒண்ணு கட்டி விட்டுடறோம். பூட்டு அரை ஆம்பியர்தான் இழுக்கும், அப்ப பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல கூட கதவு கெட்டியா நிக்கும். இப்ப தீ புடிக்குதுன்னு வைங்க. மெயினை ஆஃப் பண்ணுவாங்க. வெளிச்சம் போகும், ஃபேன் நிக்கும், கதவு மட்டும் தொறக்காது.

2012 செப்டம்பர்ல கராச்சில ஒரு துணிக் கம்பெனி எரிஞ்சுது, 250 பேருக்கு மேல செத்தாங்க, தீ எப்படி வந்துச்சுங்கறது வேற கதை, வெளிய போற வழி பூட்டியிருந்ததாலதான் அத்தனை சாவு. அதுக்கப்புறம்தான் எங்க ஊருக்கு வர்ற ஆடிட்டருங்க கதவுக் கதவாத் தள்ளிப் பாக்க ஆரம்பிச்சாங்க. அதனால ஃபயர் அலாரம் பேனல்ல இருந்து ஒரு ரிலே, சிக்னல் வந்தா தானா மாறற சுவிட்சு, அத எடுத்து, அலாரம் அடிச்ச செகண்டுல பூட்டோட பவர் அறுந்து போற மாதிரி கட்டணும். கதவுக்குப் பக்கத்துல பச்சைப் பெட்டி வெக்கறமே, ஒடைச்சாத் தொறக்கறது, அத நேரா பூட்டுக்குப் போற பவர் ஒயர்லயே கட்டணும். நெறைய பேரு அத கன்ட்ரோலரோட, அதாவது விரலைப் பாத்துப் பூட்டைத் தொறக்கச் சொல்ற பெட்டியோட, எக்ஸிட் பட்டன் இன்புட்லயே சேத்துக் கட்டிடறாங்க, சும்மா நாள்ல அழகா வேலை செய்யும், கன்ட்ரோலர் ஹேங் ஆன அன்னிக்குப் பெட்டிய ஒடைச்சாலும் கதவு தொறக்காது. நான் ஒரு கம்பெனில இப்படி மூணு கதவு பாத்தேன், வேற யாரோ கட்டுனது. பேக்கிங் ரூம், உள்ள அறுபது பேரு, முக்காவாசி பொம்பளைங்க, பீகார் ஒடிசால இருந்து வந்த புள்ளைங்களும் உண்டு. மேனேஜர் கிட்ட பெட்டிய ஒடைச்சுக் காட்டுனேன், கன்ட்ரோலர் ஒயரப் புடுங்கிட்டு. கதவு அசையல. அவரு ஒண்ணும் பேசாம நாற்காலில உக்காந்துட்டாரு.

இத எழுதிப் பாஸாகற பாடமா வெக்காதீங்கன்னு கையெடுத்துக் கேக்கறேன். உங்க ஒர்க்‌ஷாப்புல நெசமான ஒரு கதவு, நெசமான ஒரு பூட்டு, ஒரு சின்ன ஃபயர் பேனல், ஒரு ஸ்மோக் டிடெக்டர் வைங்க. பையன் கட்டட்டும். அப்புறம் அவனையே உள்ள விட்டுக் கதவ சாத்துங்க, வெளிய டிடெக்டர்ல புகை காட்டுங்க, தொறந்துச்சுன்னா மார்க்கு. ஒரு தடவ உள்ள நின்னவன் வாழ்க்கைல அந்த ஒயர மறக்க மாட்டான்.

பாஸ்வேர்டுக்கு வரேன். 2016ல மிராய்ன்னு ஒரு வைரஸ் உலகம் பூரா இருக்குற கேமரா டிவிஆருக்குள்ள பூந்துச்சு, பெரிய மூளை எல்லாம் ஒண்ணும் தேவைப்படல, கம்பெனி போட்டு அனுப்புன பாஸ்வேர்டை யாரும் மாத்தல, அதுவே சாவி. அந்த வருசம் அக்டோபர்ல அமெரிக்கால பெரிய பெரிய வெப்சைட்டெல்லாம் மணிக்கணக்கா படுத்துச்சு. அது எங்கயோ நடந்ததுன்னா, 2025 பிப்ரவரில ராஜ்கோட்ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரியோட கேமராப் படமெல்லாம் யூடியூப்லயும் டெலிகிராம்லயும் வந்துச்சு, விலைக்கு வித்தாங்க. அந்தப் பொம்பளைங்க என்ன பாவம் பண்ணாங்க சொல்லுங்க. அந்த ரூமுக்குள்ள கேமராவே வெச்சிருக்கக் கூடாது, அது முதல் தப்பு, அத மாட்டப் போன ஆளு இங்க வெக்க முடியாதுங்கன்னு சொல்லிருக்கணும், சொல்ல அவனுக்கு யாரும் கத்துக் குடுத்திருக்க மாட்டாங்க. ஐடி சட்டம் 66ஈ படி அடுத்தவங்க அந்தரங்கத்தப் படம் புடிச்சா மூணு வருசம் வரைக்கும் ஜெயிலுன்னு எத்தனை டெக்னீசியனுக்குத் தெரியும்? நானே ரொம்ப வருசம் எல்லாக் கஸ்டமருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் போட்டு வெச்சிருந்தேங்க, கடைப் பேரும் 123 உம். எனக்கு ஞாபகம் வெக்க ஈசி. வேலைய விட்டுப் போன ஒரு பையன் மூணு மாசம் கழிச்சுப் பழைய கஸ்டமர் வீட்டுக் கேமராவ அவன் போன்ல பாத்துட்டு இருந்தது தெரிஞ்சப்பதான் எனக்கு உறைச்சுது. அன்னிக்கு ராத்திரியே உக்காந்து ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி மாத்த ஆரம்பிச்சேன், முடிக்க பதினோரு நாளாச்சு. நூத்துக்கணக்கான வீட்டுச் சாவி எங்க கைல இருக்கு, பூட்டு ரிப்பேர்காரன் கைல கூட அவ்வளவு சாவி கிடையாது. அதப் பத்திப் பாடத்துல ஒரு மணி நேரமாவது பேசுங்க.

ஏணி. இதுக்கு ஒரு பாரா போதும், ஆனா அந்த ஒரு பாராவ எழுத எனக்கு மனசு வரல. என் கிட்ட வேலை செஞ்ச ஒரு தம்பி அலுமினிய ஏணிய நிமித்தும்போது மேல போற ஈபி லைன்ல பட்டுருச்சு. பொழைச்சான், வலது கைல ரெண்டு விரல் இன்னும் மடங்காது. ஏணி என்னோடது, அலுமினியத்த வாங்குனது நான், மேல பாருன்னு சொல்லாதது நான். இப்ப கடைல ஃபைபர் ஏணிதான். சென்டர்ல டேபிள் மேலயே எல்லாம் நடந்தா ஏணிங்கற பேச்சே வராது, வேலைக்கு வந்த முதல் நாள் இருபதடி ஏணில ஏத்தி விடறோம், ஒரு கைல மூணு கிலோ டிரில்லு. ஏணிய எப்படி சாய்க்கணும், நாலடி ஒசரத்துக்கு ஒரு அடி கால் தள்ளி வெக்கணும், பெல்ட்டு எங்க மாட்டணும், செவுத்துக்குள்ள கரண்ட் பைப்பு போகுதான்னு டிரில்லு போடறதுக்கு முன்னாடி எப்படிப் பாக்கணும், இதுக்கு மட்டும் முழுசா ரெண்டு நாள் ஒதுக்குங்க.

மாட்டறது பாதி வேலைதான், வெச்சு நடத்தறது மீதி, அதுக்கு யாருக்குமே பயிற்சி கிடையாது. எங்க தெரு முனைக் கம்பத்துல நாலு கேமரா, ரெண்டு கண்ணு மூடி ஒரு வருசமாகுது, ஒண்ணுல சிலந்தி வலை, யாரு பாக்கணும்னே யாருக்கும் தெரியல. அபார்ட்மென்ட்டுல, ஸ்கூல்ல, கம்பெனில யாரோ ஒருத்தரு பொறுப்புன்னு இருப்பாரு, பெரும்பாலும் வாட்ச்மேன் இல்லைன்னா கணக்குப்புள்ளை, அவருக்கு ரெண்டு நாள் வகுப்பு வெச்சாப் போதும், வாரம் ஒரு தடவ பழைய ரெக்கார்டு ஓடுதான்னு ஓட்டிப் பாக்கறது, டிவிஆர் மணியும் செல்போன் மணியும் ஒண்ணான்னு பாக்கறது, கண்ணாடியத் துடைக்கறது. மணி விசயம் லேசு இல்லீங்க, டிவிஆர் கடிகாரம் நாப்பது நிமிசம் தள்ளிப் போயிருந்தா கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்னிக்கு தீபாவளி. 2024 ஜூலைல இருந்து புதுச் சாட்சியச் சட்டம், பிரிவு 63, டிவிஆர்ல இருந்து எடுத்துக் குடுக்கற படத்துக்கு ஹேஷ் மதிப்போட, அதாவது அந்த ஃபைலுக்குக் கைரேகை மாதிரி வர்ற நம்பரோட, சர்ட்டிபிகேட் குடுக்கணும். போலீஸ்காரங்க பென் டிரைவை நீட்டி “தம்பி, அந்த ரெண்டு மணி கிளிப்ப ஏத்திக் குடு” ம்பாங்க, பசங்க டிவி ஸ்கிரீனை செல்போன்ல படம் புடிச்சு வாட்சாப்ல அனுப்பிட்டு வந்துடறாங்க. அது சாட்சி ஆகுமா ஆகாதான்னு அவனுக்கும் தெரியாது.

இப்ப நான் என்ன பண்ணிருக்கேன்னு சொல்றேன். கடைக்குப் பின்னாடி எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை ஒண்ணு நிமித்தி வெச்சு, அதுல நாலு கேமரா, ஒரு டிவிஆர், நெட்வொர்க் கேபிள்லயே கரண்டும் அனுப்பற ஒரு சின்ன பிஓஇ சுவிட்சு, ஒரு காந்தப் பூட்டு, 90 மீட்டர் காயில் அப்படியே சுத்துனபடி பின்னாடி. அதுல வேணும்னே வியாதி வெச்சிருக்கேன். கேமரா கேபிள் முனைல மாட்டற பிஎன்சி கனெக்டருக்குள்ள ஒத்தை இழை செம்பு, வெளிய சுத்தியிருக்குற ஷீல்டுல ஒரசிட்டு இருக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. நெட்வொர்க் கேபிள் ஒண்ணுல ஜோடிய மாத்தி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி குத்தி வெச்சிருக்கேன், டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியும், எல்லாரும் கேபிள் ஓகேம்பாங்க, ஆனா முறுக்கு ஜோடி கலைஞ்சு போனதால நீளம் கூடுனா படம் விட்டு விட்டு வரும். ரெண்டு கேமராவுக்கு ஒரே ஐபி, அதாவது நெட்வொர்க்ல ஒரே விலாசம். ரெக்கார்டிங் அட்டவணைல ஞாயித்துக்கிழமை மட்டும் காலி. காந்தப் பூட்டுக்குக் குறுக்க போட வேண்டிய டையோடு, கரண்டை ஒரே பக்கமா மட்டும் விடற சின்ன சாமான், அது இல்ல, அதனால பத்து தடவ தொறந்தா ஒரு தடவ கன்ட்ரோலர் ரீஸ்டார்ட் ஆகும். மொத்தம் பன்னெண்டு வியாதி, வாரம் ஒரு தடவ மாத்தி வெப்பேன். வர்ற பையன் மூணைக் கண்டுபுடிச்சான்னா வேலைக்கு வெச்சுக்குவேன். அந்த சர்ட்டிபிகேட் பையன் முதல் நாள் ஒண்ணு, நாலாவது வாரம் ஒம்பது. கெட்டிக்காரன், நான் முதல்லயே சொன்னேனே. பழைய டிவிஆரு, கஸ்டமர் கழட்டிப் போட்ட கேமரா, இதுல செஞ்சதுதான் எல்லாம், பிளைவுட்டும் டையோடும் மட்டும்தான் காசு குடுத்து வாங்குனது.

71 அரசு ஐடிஐய ரோபோ, சிஎன்சின்னு புது லெவலுக்குக் கொண்டு போயிருக்கீங்க, பாக்கவே பெருமையா இருக்கு, அங்க ஒரு மூலைல இந்த மாதிரி ஒரு கெட்ட பலகை வெக்க இடமில்லாமயா போகும்? அஞ்சு பேருக்கு ஒரு பலகை இருக்கட்டும். பரீட்சைக்குப் பேப்பர் வேண்டாம், பலகை முன்னாடி நிக்க வெச்சு ஒரு மணி நேரம் குடுங்க. 13 நாள் பயிற்சி நடத்துறவங்களுக்குத் தனியா ஒண்ணு, சோறு தங்கறது எல்லாம் இலவசமாக் குடுத்து நல்லதுதான் பண்றீங்க, ஆனா கேமரா, அலாரம், ஸ்மோக் டிடெக்டர் மூணையும் 13 நாள்ல அடைக்க முடியாது. கேமராவ மட்டும் நல்லாக் குடுங்க, மிச்சத்த ஆறு மாசம் வேலை பாத்துட்டு வந்தவனுக்கு ரெண்டாவது தவணையாக் குடுங்க.

அந்த ஆறு மாச வேலை எங்க பாக்கறதுங்கறதுலதான் சிக்கல். அப்ரண்டிஸ் சட்டப்படி 30 பேரும் அதுக்கு மேலயும் இருக்குற இடம் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்கணும், 4 பேர்ல இருந்து 29 வரைக்கும் இஷ்டப்பட்டா எடுக்கலாம், எடுத்தா உதவித்தொகைல கால் பங்கு, மாசம் 1,500 வரைக்கும் மத்திய அரசு தரும். எங்க கடைல மூணு பேரு. எனக்குத் தெரிஞ்ச கடை அத்தனையும் ரெண்டு மூணு பேருதான், நாலாவது ஆளுக்கு இந்தத் தொழில்ல வருமானமே இல்ல. நெசமான வேலை, நெசமான ஏணி, நெசமான வியாதி எல்லாம் எங்க கிட்டதான் இருக்கு, ஆனா சட்டப்படி நாங்க பையனை எடுக்க முடியாது. நாலஞ்சு கடை சேந்து ஒரு குழுவாப் பதிஞ்சா எடுத்துக்கலாம்னு ஒரு வழி பண்ணுங்க. எங்களுக்குப் பணம் கூட வேண்டாம், பையனுக்கு இன்சூரன்ஸ் போட்டுக் குடுத்தாப் போதும்.

அப்புறம் பொம்பளைப் புள்ளைங்களுக்கு இந்தப் பயிற்சிய தயவு செஞ்சு குடுங்க. திருப்பூர்ல எத்தனை லேடீஸ் ஹாஸ்டல்னு எண்ணவே முடியாது, அங்க ஒரு கேமரா ரிப்பேர்னா நாங்க போய் கேட்டுல நிக்கணும், வார்டன் வந்து எல்லாப் புள்ளைங்களையும் ரூமுக்குள்ள அனுப்பிட்டு அப்புறம்தான் விடுவாங்க, அந்தப் புள்ளைங்களுக்கும் சங்கடம் எங்களுக்கும் சங்கடம். ரெண்டு பொம்பளை டெக்னீசியன் இந்த ஊர்ல இருந்தா அவங்களுக்கு வருசம் பூரா வேலை இருக்கும், நானே முதல் ஆளா வேலை குடுக்கறேன். ஏணி ஏற மாட்டாங்கன்னு சொல்லாதீங்க, கட்டட வேலைல சித்தாளு எத்தனை மாடி ஏறுறாங்கன்னு பாத்திருப்பீங்க.

என் பலகைய உங்களுக்குத் தர நான் ரெடி. வியாதி பன்னெண்டுக்கும் விவரமா நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், எது எப்படிக் காட்டும், எங்க மீட்டர வெக்கணும்னு படம் போட்டு, என் கையெழுத்து கொஞ்சம் மோசமா இருக்கும். ஞாயித்துக்கிழமைல ஊர் ஊரா வந்து சொல்லித் தரவும் நான் வரேன், காசு வேண்டாம். பலகை எட்டடி இருக்கு, என் வண்டில போகாது, ஒரு டாடா ஏஸ் மட்டும் அனுப்பி வைங்க.

இப்படிக்கு,
திருப்பூர்ல இருந்து ஒரு கேமராக் கடைக்காரன்